முதல் கிரெடிட் கார்டு: விண்ணப்பம் முதல் கணக்கை மூடுவது வரை

கிரெடிட் கார்டால் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களில் பலர் மற்ற விஷயங்களில் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்களாகவே இருப்பதைக் காணலாம். மாத பில்லில் வரும் இரண்டு தேதிகளும் இரண்டு தொகைகளும் எதைக் குறிக்கின்றன என்று கார்டை விற்க வந்தவர் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து சம்பளக் கணக்கு தொடங்கிய சில மாதங்களிலேயே "சார், உங்களுக்கு கார்டு அப்ரூவ் ஆகிவிட்டது, ஆதார் எண் மட்டும் சொல்லுங்கள்" என்ற அழைப்பைப் பெறுகிறவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதிலுள்ள விதிகள் இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வழங்கப்படும் கார்டுகளுக்கு உரியவை.

டெபிட் கார்டைத் தேய்த்தால் நம் கணக்கில் இருக்கும் பணம் உடனே கழிகிறது. கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு வங்கி பணம் தருகிறது, அதை நாம் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் வங்கிக்குத் திருப்பித் தருகிறோம். அந்தத் தேதிக்குள் முழுத் தொகையையும் செலுத்துகிறவருக்கு இது ஏறத்தாழ ஒன்றரை மாதம் வரை வட்டியில்லாத கைமாற்று. செலுத்தாதவருக்கு, நகைக்கடனையும் தனிநபர் கடனையும் விட மிக அதிக வட்டியுள்ள கடன். கார்டு ஒன்றுதான், இரண்டில் எது என்பதைப் பில் கட்டும் விதமே தீர்மானிக்கிறது.

படி 1: விண்ணப்பிப்பதற்கு முன்

வாடகை, மளிகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலையில் இருப்பவர் கார்டு வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது. குறைந்தது ஒரு மாதச் செலவுக்கான தொகையாவது சேமிப்புக் கணக்கில் தனியாக இருந்தால்தான், சம்பளம் பத்து நாள் தாமதமானாலும் பில்லை முழுமையாகக் கட்ட முடியும்.

அடுத்து, உங்கள் கடன் வரலாற்றைப் பாருங்கள். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பதைக் காட்டும் மதிப்பெண் (பேச்சில் சிபில் மதிப்பெண்) 300 முதல் 900 வரை இருக்கும். 750க்கு மேல் இருந்தால் பொதுவாக வங்கிகள் தயங்குவதில்லை. உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் நீங்கள் ஒரு கார்டுக்கு விண்ணப்பித்து, அதற்காக வங்கி உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போது அது பதிவாகிறது. ஒரே மாதத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பித்தால், கடனுக்கு அலைகிறவர் என்ற தோற்றத்தை அந்தப் பதிவுகள் தரும். ஒன்றுக்கு விண்ணப்பித்து, அதன் முடிவு தெரிந்த பிறகு அடுத்ததைப் பற்றி யோசியுங்கள்.

இதுவரை எந்தக் கடனும் வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. அதனாலேயே சில வங்கிகள் மறுத்துவிடும். அப்படிப்பட்டவருக்கும், சம்பளச் சீட்டு காட்ட முடியாத சிறுதொழில் செய்பவருக்கும் உகந்த வழி, வைப்புநிதியின் பேரில் தரப்படும் கார்டு. வங்கியில் ஒரு தொகையை எஃப்.டி. போட்டால், அதில் பெரும்பகுதியைக் கடன் வரம்பாகக் கொண்ட கார்டைத் தருவார்கள். வைப்புநிதிக்கு உரிய வட்டியும் தொடர்ந்து வரும். ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால் கடன் வரலாறு உருவாகிவிடும். புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். வரம்பு சிறியதாக இருப்பதை இதன் குறையாகச் சொல்வார்கள். முதல் ஆண்டில் அது நன்மையே.

படி 2: எந்தக் கார்டு

வணிக வளாகத்தில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர் முதலில் சொல்வது விமான நிலைய ஓய்வறையைப் பற்றி. ஆண்டுக்கு ஒருமுறைகூட விமானம் ஏறாதவருக்கு அதனால் பயனில்லை. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, எதற்கு எவ்வளவு செலவாகிறது என்று பிரித்துப் பாருங்கள். செலவின் பெரும்பகுதி மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் போகிறதா, இணையக் கடைகளுக்குப் போகிறதா, பெட்ரோலுக்குப் போகிறதா என்பது தெரிந்தால், எந்த வகைக் கார்டு பயன்படும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வருடாந்திரக் கட்டணத்தைக் கணக்குப் போட்டே ஏற்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 590 ரூபாய். எல்லாச் செலவுக்கும் ஒரு சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டானால், இந்த 590 ரூபாயைத் திரும்ப எடுக்கவே ஆண்டுக்கு 59,000 ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். ரிவார்டு பாயின்ட் கார்டுகளில் கணக்கு இன்னும் மங்கலானது. 150 ரூபாய்க்கு 2 பாயின்ட், ஒரு பாயின்ட்டின் மதிப்பு 25 காசு என்று வைத்துக்கொண்டால், 150 ரூபாய்க்குக் கிடைப்பது 50 காசு; அதே 590 ரூபாயை மீட்க 1,77,000 ரூபாய் செலவு செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, வீட்டு வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயின்ட்டே கிடையாது. வாடகைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆயுள் முழுவதும் கட்டணமில்லாத கார்டு கிடைக்குமானால் முதல் கார்டாக அதையே வாங்குவது உத்தமம். அந்த வாக்குறுதி விற்பனையாளரின் வாயில் மட்டும் இல்லாமல் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேநீர்க் கடையிலும் காய்கறிக் கடையிலும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பழகியவர்களுக்கு ரூபே கிரெடிட் கார்டு ஏற்றது. 2022 செப்டம்பர் முதல் அதை யுபிஐ செயலியில் இணைத்துக் கடைகளுக்குப் பணம் செலுத்தலாம். விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றில் இவ்வசதி இல்லை. ஆனால் இதே வசதிதான் சிறு செலவுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் பெருக்கவும் செய்கிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தோடு தரப்படும் முக்கிய நிபந்தனைகள் தாளைப் பலர் படிப்பதில்லை. முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் மாத வட்டி விகிதம், தாமதக் கட்டண அட்டவணை, ரொக்கம் எடுக்கும் கட்டணம், வெளிநாட்டு நாணயப் பரிமாற்றக் கட்டணம், வருடாந்திரக் கட்டணம் எவ்வளவு செலவு செய்தால் தள்ளுபடியாகும் என்ற நிபந்தனை ஆகியவற்றை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள்.

படி 3: கார்டு கைக்கு வந்ததும்

கார்டை 30 நாட்களுக்குள் செயல்படுத்தாவிட்டால், வங்கி ஓடிபி மூலம் உங்கள் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஒப்புதல் தராவிட்டால் கட்டணம் எதுவுமின்றிக் கணக்கை மூடிவிட வேண்டும். நீங்கள் கேட்காமலேயே கார்டை அனுப்பி, அதற்குக் கட்டணமும் விதித்திருந்தால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 2022இல் வெளியான ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல்களில் இவை இருக்கின்றன.

வங்கியின் செயலியில் நுழைந்து பின் எண்ணை அமைத்த பிறகு, பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் பகுதிக்குச் செல்லுங்கள். புதிய கார்டில் இணையப் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தொடாமல் செலுத்தும் வசதி ஆகியவை பொதுவாக அணைக்கப்பட்டே இருக்கும். தேவையானதை மட்டும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்சவரம்பு வையுங்கள். வெளிநாடு போகாதவர் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறக்க வேண்டியதே இல்லை. தொடாமல் செலுத்தும் முறையில் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது என்பதால், கார்டு தொலைந்தால் அந்த வழியே பணம் போகலாம்.

இனி, இந்தப் படியிலேயே மிக முக்கியமான வேலை. சேமிப்புக் கணக்கிலிருந்து பில் தொகை தானாகக் கழியும் ஆட்டோ டெபிட் வசதியைக் கேட்கும்போது, படிவத்தில் "மொத்தத் தொகை", "குறைந்தபட்சத் தொகை" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். மொத்தத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தபட்சத் தொகையைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டு, மாதந்தோறும் பில் தானாகக் கட்டப்படுகிறது என்ற நிம்மதியில் இருப்பவருக்கு வட்டி ஏறிக்கொண்டிருப்பதே தெரியாது.

படி 4: இரண்டு தேதிகள்

பில் தேதி என்பது அந்த மாதக் கணக்கு முடிக்கப்படும் நாள். கடைசித் தேதி என்பது அந்தப் பில்லைக் கட்ட வேண்டிய நாள். உங்கள் பில் தேதி 15 என்றும், கடைசித் தேதி அடுத்த மாதம் 5 என்றும் கொள்வோம். ஜூன் 16 அன்று வாங்கிய பொருள் ஜூலை 15 பில்லில்தான் வரும். ஆகஸ்ட் 5க்குள் கட்டினால் போதும். கிடைத்த அவகாசம் 50 நாள். அதே பொருளை ஜூன் 14 அன்று வாங்கியிருந்தால் ஜூன் 15 பில்லில் வந்து ஜூலை 5க்குள் கட்ட வேண்டும். அவகாசம் 21 நாள் மட்டுமே. "50 நாள் வட்டியில்லை" என்று விளம்பரம் செய்யப்படுவது எல்லாச் செலவுக்கும் பொருந்தாது என்பது இதிலிருந்து விளங்கும். பெரிய தொகைக்கு எதையாவது வாங்குவதாயிருந்தால் பில் தேதிக்கு மறுநாள் வாங்குவது சாமர்த்தியம்.

கடைசித் தேதி சம்பளம் வரும் நாளுக்குச் சில நாள் பின்னால் அமைவது நல்லது. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிறவருக்குக் கடைசித் தேதி 25ஆக இருந்தால் ஒவ்வொரு மாதமும் இழுபறிதான். பில் சுழற்சியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. செயலியிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ கேட்டுப் பெறலாம்.

கடைசித் தேதி தவறிவிட்டால் பதற வேண்டாம், ஆனால் நினைவு வந்த அன்றே கட்டிவிடுங்கள். மூன்று நாட்களுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணம் விதிக்கவும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் வங்கிக்கு அனுமதி. எத்தனை நாள் தாமதம் என்பதை மட்டும் கடைசித் தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.

படி 5: இரண்டு தொகைகள்

பில்லின் மேற்பகுதியில் மொத்தத் தொகையும் அதன் பக்கத்திலேயே குறைந்தபட்சத் தொகையும் இருக்கும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றில் தவணை தவறியதாகப் பதிவாகாது. அதற்கு மேல் அதனால் எந்த நன்மையும் இல்லை.

முன்சொன்ன அதே தேதிகளில் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜூன் 16 அன்று 40,000 ரூபாய்க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறீர்கள். ஜூலை 15 பில்லில் மொத்தத் தொகை 40,000. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், அதாவது 2,000. ஆகஸ்ட் 5 அன்று 2,000 ரூபாயை மட்டும் கட்டுகிறீர்கள். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று கொள்வோம். மீதி 38,000 ரூபாய்க்கு வட்டி ஆகஸ்ட் 5லிருந்து தொடங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முழுத் தொகையைக் கட்டாததால் வட்டியில்லாத அவகாசம் பறிபோய், பொருள் வாங்கிய ஜூன் 16லிருந்தே வட்டி கணக்கிடப்படும். ஆகஸ்ட் 15 பில் வரை 60 நாளுக்கு வட்டி ஏறத்தாழ 2,624 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 472 ரூபாய். ஆகஸ்ட் பில்லின் மொத்தத் தொகை 41,096 ரூபாய். கையிலிருந்து 2,000 ரூபாய் கொடுத்த பிறகும் கடன், பொருளின் விலையைத் தாண்டி நிற்கிறது.

இதோடு முடிவதில்லை. பாக்கி இருக்கும் வரை, இடையில் நீங்கள் வாங்கும் அரிசி, பருப்புக்கும் அவகாசம் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே பாக்கி வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துவது.

இவ்வளவு வட்டி சட்டப்படி செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்திருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. எனவே விகிதம் என்ன என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்ப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

ஏற்கெனவே பெரிய பாக்கியில் இருப்பவர், குறைந்த வட்டியில் ஒரு நகைக்கடனோ தனிநபர் கடனோ எடுத்துக் கார்டுக் கடனை ஒரேயடியாக அடைப்பது லாபம். வங்கியே பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரவும் கூடும். அந்தத் தவணையின் வட்டியைத் தனிநபர் கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். "பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்று வசூல் முகவர் சொல்லும் செட்டில்மென்ட்டை ஏற்றால், கடன் அறிக்கையில் அது முழுமையாக அடைக்கப்பட்ட கடனாகப் பதிவாகாது. பிற்பாடு வீட்டுக்கடன் கேட்கும்போது அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினர்களிடமும் அலுவலகத்திலும் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது.

படி 6: செய்யக் கூடாதவை

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுக்காதீர்கள். பல கார்டுகளில் இதற்குக் குறைந்தபட்சக் கட்டணம் 500 ரூபாய். ஜிஎஸ்டி சேர்ந்து 590. ஐயாயிரம் ரூபாய் எடுத்தாலும் இதே கட்டணம்தான், போதாததற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி. "கார்டைத் தேய்த்தால் உடனடி ரொக்கம்" என்று எழுதி ஒட்டியிருக்கும் கடைகளில் பொருள் வாங்கியதுபோல் தேய்த்துக் கமிஷன் போகப் பணம் பெறுவது கார்டின் நிபந்தனைகளை மீறுவதாகும். கண்டுபிடிக்கப்பட்டால் கார்டு முடக்கப்படும்.

"நோ காஸ்ட் இஎம்ஐ", அதாவது வட்டியில்லாத் தவணை என்பதிலும் சிறு செலவு உண்டு. வட்டிக்கு ஈடான தள்ளுபடியைக் கடை கொடுத்தாலும், அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியை நாம்தான் கட்டுகிறோம். பரிசீலனைக் கட்டணமும் சேரும். வட்டி 1,000 ரூபாயும் கட்டணம் 199 ரூபாயும் என்றால் கூடுதலாகப் போவது சுமார் 415 ரூபாய். தெரிந்து ஏற்பதில் தவறில்லை.

நம் ஊரில் அதிகம் நடப்பது வேறொன்று. மச்சானோ, கூட வேலை செய்பவரோ, "உன் கார்டில் ஒரு போன் போட்டுக் கொடு, மாதா மாதம் தவணையைக் கொடுத்துவிடுகிறேன்" என்பார். மூன்றாவது மாதம் அவர் கொடுக்காவிட்டால் வங்கி உங்களைத்தான் கேட்கும், சிபில் மதிப்பெண்ணும் உங்களுடையதுதான் குறையும். மறுக்கச் சங்கடப்படுகிறவர்கள், லிமிட் இல்லை என்று சொல்லிவிடலாம். அல்லது, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று எண்ணக்கூடிய தொகைக்கு மட்டும் சம்மதிக்கலாம். வேறொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரு நிதியாண்டில் ரொக்கமல்லாத வழியில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ, ரொக்கமாக ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கார்டு பில் கட்டினால் அந்தத் தகவல் வருமான வரித் துறைக்குச் செல்லும். மற்றவர்களுக்காகத் தேய்த்த தொகைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களே.

கடன் வரம்பு முழுவதையும் செலவு செய்வதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது பொதுவான அறிவுரை, இது சட்டமல்ல. வரம்பு 60,000 என்றால் 18,000. ஒரு மாதம் அதைத் தாண்டிவிட்டால், பில் வருவதற்கு முன்பே ஒரு பகுதியைச் செலுத்திவிட்டால் சரி.

படி 7: மோசடி நடந்தால்

ரிவார்டு பாயின்ட் இன்று காலாவதியாகிறது, கேஒய்சி புதுப்பிக்க வேண்டும், கார்டு வரம்பை உயர்த்தித் தருகிறோம் என்று வரும் அழைப்புகள் எல்லாம் ஓடிபியிலோ, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செயலிக் கோப்பிலோதான் போய் முடியும். வங்கி ஊழியர் எவரும் ஓடிபி, சிவிவி, பின் எண் கேட்பதில்லை.

நீங்கள் செய்யாத ஒரு பரிவர்த்தனைக்குக் குறுஞ்செய்தி வந்தால், செயலியில் கார்டை முடக்கி, வங்கிக்குப் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதி. தாமதமாகத் தெரிவித்தால் இழப்பின் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும் வரையிலான இழப்பு உங்களுடையது. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்கக் கூடாது.

வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

படி 8: கார்டு வேண்டாம் என்றால்

பயன்படுத்தாத கார்டை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு வருடாந்திரக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும். மூடுவதற்கு முன் மீதி பாயின்ட்டுகளைப் பயன்படுத்திவிடுங்கள். அந்தக் கார்டில் மாதந்தோறும் கழியும் ஓடிடி சந்தா, கைபேசி பில் ஆகியவற்றை வேறு வழிக்கு மாற்றுங்கள். பாக்கியைச் சில்லறை வரை கட்டுங்கள். பிறகு எழுத்து மூலமாகவோ செயலி வழியாகவோ கோரிக்கை கொடுங்கள். பாக்கி இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கை மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்று பேச்சுக் கொடுப்பார். வேண்டுமானால் ஏற்கலாம், வேண்டாமென்றால் கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூடியதற்கான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தி, ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து அந்தக் கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.